திரைக்கு முதுகைக் காட்டிய உத்தியோகம்

போன மாதம் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை அழைப்பதில் ஒரு வசதி உண்டு. எந்த நாள் என்றாலும் வருவார்கள். பொன்னாடை கைத்துண்டு அளவில் இருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் மலையாளத்திலும், அதற்குக் கீழே கொஞ்சம் ஒதுங்கிய மாதிரி தமிழிலும், 'கல்வியில் கற்பித்தல் தொழில்நுட்பம்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் புத்தம்புதிய தொடுதிரைப் பலகை ஒன்று நின்றது. விரலால் தொட்டால் பூமி சுற்றுகிறது, தவளையின் வயிறு திறக்கிறது. என்னைவிட அதைத்தான் எல்லோரும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வருத்தமில்லை, நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசி முடித்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"மேடம், பேசினது நல்லா இருந்துச்சு. பக்ஷே டெஃபனிஷன் கிட்டல. இன்ஸ்ட்ரக்‌ஷனல் டெக்னாலஜின்னா என்னன்னு ஒரே சென்டன்ஸ்ல சொன்னா எக்ஸாமுக்கு எழுதிக்கலாம்."

நானும் சொன்னேன். கற்றல் நோக்கங்களை அடைவதற்காக வளங்களையும் வழிமுறைகளையும் திட்டமிட்டு உருவாக்கி, பயன்படுத்தி, மதிப்பிடும் முறை என்று பாடப்புத்தகம் கணக்காக ஒப்பித்தேன். அத்தனை தலைகளும் குனிந்து எழுதின. பிறகு கைதட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு மார்க் கட்டாயம் கிடைக்கும், அதில் சந்தேகமே இல்லை.

பஸ்ஸில் கிழக்கேகோட்டை வந்து, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆரியசாலைக்கு நடக்கும்போது எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் அந்த வேலையைச் செய்துவிட்டு, மலரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேனே! மலர் என்பது ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அவளைப் பற்றிச் சொல்லியிருந்தால் யாரும் குறிப்பு எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் விஷயம் விளங்கியிருக்கும். மேடையில் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பகவதி. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோனது எல்லாம், மலையாளத் தலைநகரில் தமிழர்கள் நிறைந்த கடைத்தெருவான ஆரியசாலை. அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து ஒரு மிளகாய் வற்றல் மண்டியில் கணக்குப் பார்த்தவர். எங்கள் தெருவில் பாதிப் பேர் நாள் முழுக்கத் தும்மிக்கொண்டேதான் வியாபாரம் செய்வார்கள். தமிழ் வழியில் பள்ளிக்கூடம், மலையாளத்துக்கு நடுவில் கல்லூரி, பிறகு பி.எட். கொஞ்ச காலம் ஒரு பள்ளியில் தற்காலிக வேலை பார்த்தேன். அப்புறம் அரசாங்கத்தின் பாடப்படப் பிரிவு ஒன்றில் இடம் கிடைத்தது. யூனிட் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் படமாகவும் ஒலியாகவும் பாடம் தயாரித்து அனுப்புவது அதன் வேலை. அங்கே தமிழ்ப் பிரிவு என்று ஒரு பலகை இருந்தது. பலகைக்குப் பின்னால் இருந்தது ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நான். சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை இதில் மாறியது மின்விசிறி மட்டும்தான்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் லதிகா மேடம். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். சொந்த ஊர் நெய்யாற்றின்கரைப் பக்கம். மலையாளிதான், ஆனால் என்னோடு தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதமாகப் பேசுவார். அந்தத் தமிழைக் கேட்டால் எங்கள் தெருச் சுமைதூக்குகிறவர்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அவர் கவலைப்பட மாட்டார். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, கையில் ஒரு பென்சில், முகத்தில் ஓர் அசைவும் கிடையாது. நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. ஒரு "ம்" வந்தால் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் காண்டீனுக்கு ஓடிக் கொண்டாடுவோம்.

பாடம் ஒன்று தயாரானால் உடனே அனுப்பிவிட முடியாது. ஏதாவது பள்ளிக்கு எடுத்துப்போய் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இதற்கு முன்னோட்டம் என்று பெயர். எல்லா ஊரிலும் செய்வதுதான். எங்கள் யூனிட்டில் மட்டும் ஒரு விதி உண்டு. படம் ஓடும்போது யூனிட் ஆட்கள் யாரும் திரையைப் பார்க்கக் கூடாது. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு எதிரே, தாழ்வான முக்காலியில் உட்கார வேண்டும். முதல் முன்னோட்டத்தில் நான் பழக்கதோஷத்தில் திரும்பிவிட்டேன். முழங்கையில் பென்சிலால் ஒரு குத்து விழுந்தது.

"பகவதி, திரையை நோக்கண்டா. அதுல என்ன உண்டுன்னு நமக்குத் தெரியுமல்லோ. பிள்ளைகள்ட முகத்தைப் பாரு."

முகத்தைப் பார்ப்பது என்றால் ரசிப்பது அல்ல. கண் எந்தப் பக்கம் போகிறது, எந்த இடத்தில் வாய் திறக்கிறது, எங்கே பக்கத்துப் பிள்ளையைக் கிள்ள ஆரம்பிக்கிறார்கள், எந்த வசனத்தில் ஒருத்தி மட்டும் தலையைக் குனிகிறாள், இதையெல்லாம் கவனிக்க வேண்டும். காதில் பாடம் ஓடிக்கொண்டிருப்பதால் எந்த இடம் என்று நமக்குத் தெரியும். ஆரம்பத்தில் இது ஏதோ வேண்டுதல் மாதிரி எனக்குத் தோன்றியது. அவரைப் பைத்தியம் என்றுகூட வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

பயறு முளைக்கும் பாடத்தில்தான் என் எண்ணம் மாறியது. ஈரத்துணியில் பயறைப் பரப்பி, நாள் கணக்கில் காமிராவை அசைக்காமல் வைத்து, முளை விடுவதை ஒரு நிமிடத்துக்குள் காட்டியிருந்தோம். காமிராக்காரர் அதைப் பற்றிப் பேசாத ஆளில்லை. சாலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் போட்டுக் காட்டினோம். பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை. படம் முடிந்ததும், என்ன பார்த்தீர்கள் என்று லதிகா மேடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். "கல்யாணப் பொண்ணு கை!" என்று வகுப்பே கத்தியது.

பயறைப் பரப்பிய கை எங்கள் ஓவியர் சுமாவுடையது. அவளுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. முழங்கைவரை வளையல், மருதாணி, புது மோதிரம். முளைவிட்டதை ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை. கை மறுபடி எப்போது வரும் என்று திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். லதிகா மேடம் அதை முன்பே கண்டுபிடித்துவிட்டார். கண்கள் எல்லாம் இடது ஓரத்தில் நிற்கின்றன, அங்கே என்ன இருக்கிறது என்று படம் ஓடும்போதே என் காதில் கேட்டிருந்தார். எனக்குத்தான் பதில் தெரியவில்லை. மறுபடி எடுத்தோம், இந்தத் தடவை ஒரு பள்ளிப் பிள்ளையின் கையை வைத்து. சுமா ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. "புரிஞ்சுதா?" என்ற கேள்வி யூனிட்டில் தடை செய்யப்பட்ட கேள்வி. மலையாளத்தில் "மனசிலாயோ?" என்றாலும் குற்றம்தான். பாடத்தில் வந்தாலும், பேச்சில் வந்தாலும், கேட்டவர் எல்லோருக்கும் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கித் தர வேண்டும். அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்; இல்லை என்று சொன்ன பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. டைரக்டர் ஒருமுறை எங்கள் கூட்டத்துக்கு வந்து அரை மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் "மனசிலாயல்லோ?" என்றார். லதிகா மேடம் முகத்தை அசைக்காமல் விதியை எடுத்துச் சொன்னார். அன்றைய பழம்பொரிக்கு ஒரு தனி ருசி இருந்தது.

இயந்திரங்கள் வந்தன, போயின. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிச் சிலைடு காட்டியதில் ஆரம்பித்து, வீடியோ கேசட், குறுந்தகடு, செயற்கைக்கோள் அலைவரிசை, வகுப்புக்கு வகுப்பு புரொஜெக்டர் என்று ஒவ்வொன்றும் மாலை மரியாதையோடு வந்தது. ஒவ்வொன்றின்மேலும் ஒருநாள் உறை போட்டு மூலையில் வைத்தோம். எனக்கு எதன்மீதும் பகையில்லை. எல்லாம் நல்ல சாமான்தான். முக்காலி மட்டும் மாறாமல் எங்களோடு எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது.

பிறகு கொரோனா வந்தது. பள்ளிகளைப் பூட்டினார்கள். தொலைக்காட்சியிலேயே பாடம் நடத்த முடிவானது. மலையாளப் பாடங்கள் முதலில் வந்தன. பின்னாலேயே தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்றார்கள். ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் உள்ள தமிழ்ப் பிரிவுக்கு வாழ்நாளில் முதன்முறையாக அவசரம் என்று ஒன்று வந்தது. காலையில் எழுதி, மதியம் எடுத்து, மறுநாள் ஒளிபரப்பு. முன்னோட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்ட முடியாது, கூட்டினால் கேஸ் போடுவார்கள். லதிகா மேடம் ஸ்டுடியோவில் மானிட்டருக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்தார். எதிரே காலி நாற்காலிகள். அவற்றையே பார்த்துக்கொண்டு ஒரு பாடம் முழுக்கக் கேட்டார். நான் அவரைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டேன். எனக்கு மனசே கேட்கவில்லை.

மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை நடத்தியவர் சிதம்பரம் சார். நகரத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்; திருநெல்வேலிக் குடும்பம்; நல்ல குரல், சிரித்த முகம். காலி ஸ்டுடியோவில் காமிராவைப் பார்த்துப் பாடம் நடத்துவது லேசான காரியமில்லை. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கேள்வி கேட்பார். கையைக் காதருகே வைத்து, வீட்டிலிருக்கும் பிள்ளை சொல்லும் பதிலைக் கேட்கிற பாவனையில் ஒரு கணம் நிற்பார். பிறகு கைதட்டி, "சபாஷ்! கரெக்டா சொல்லிட்டியே, என் தங்கமே!" என்பார். பார்க்க அத்தனை அழகாக இருக்கும். பெற்றோர்களிடமிருந்து பாராட்டுக்கு மேல் பாராட்டு வந்தது. என் பக்கத்து வீட்டில், தெருவில், எங்கும் பிள்ளைகள் அவரைப் போலவே கைதட்டி விளையாடினார்கள். மற்ற பாடக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் செல்வராணி டீச்சர் போன் பண்ணினாள். போனக்காட்டுப் பக்கம் மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளியில் தமிழ்வழி ஆசிரியை. எங்கள் பாடங்களைத் தொடர்ந்து பார்க்கிறவள் என்பதால் எனக்குப் பழக்கம்.

"பகவதி டீச்சரே, நம்ம மலர் பேசுதா!" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

மலரைப் பற்றி அவள் முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறாள். கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகள். ஒன்றாம் வகுப்பில் ஏதோ ஒரு பதிலைத் தப்பாகச் சொல்லி, வகுப்பே சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு பள்ளியில் வாயைத் திறப்பதே இல்லை. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். வீட்டில் மட்டும் பேசுவாள். டாக்டரிடம் காட்டினார்கள், பயம்தான், மெதுவாகச் சரியாகும் என்றாராம். செல்வராணி கெஞ்சியும் கொஞ்சியும் பார்த்துவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

"லயத்துக்குள்ள டிவி முன்னாடி உக்காந்து, சிதம்பரம் சார் கேக்குற கேள்விக்கெல்லாம் சத்தம் போட்டுப் பதில் சொல்லுதா டீச்சரே. பக்கத்து வீடு வரைக்கும் கேக்கு. அவங்க அம்மை போன்ல கேக்க வச்சா. நான் அழுதுட்டேன், கேட்டேளா." லயம் என்பது எஸ்டேட்டில் தொழிலாளிகள் இருக்கும் வரிசை வீடுகள். "ஆனா ஒரு சங்கடம். அவ சொல்லுத கணக்கு அத்தனையும் தப்பு."

ஐம்பத்திரண்டில் இருபத்தேழைக் கழிக்கச் சொன்னால் மலர் முப்பத்தைந்து என்கிறாள். இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது அவள் வகுத்துக்கொண்ட சட்டம். மூன்றாம் வகுப்பில் நிறையப் பிள்ளைகள் இப்படிச் செய்வார்கள். வகுப்பில் ஆசிரியை பார்த்துத் திருத்திவிடுவாள். இங்கே திருத்த யாருமில்லை. மலர் முப்பத்தைந்து என்று கத்துகிறாள், சிதம்பரம் சார் கைதட்டி, கரெக்டா சொல்லிட்டியே என்கிறார். அதன்பிறகு அவர் பலகையில் போட்டுக்காட்டும் விடையை அவள் ஏன் பார்க்கப் போகிறாள்? போனில் செல்வராணி திருத்தப் பார்த்ததற்கு, "சாரே சரின்னுட்டாரு," என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நான் உடனே லதிகா மேடத்திடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். பாடத்தை எடுத்து, அந்த இடத்தை மூன்று தடவை போட்டுக் கேட்டார். திரையைப் பார்க்கவில்லை.

"நம்ம காலி நாற்காலியை நோக்கி சபாஷ் போட்டுண்டிருக்கோம் அல்லே?" என்றார். அன்று மாலையே, இனிமேல் எந்தப் பாடத்திலும் சபாஷ் வேண்டாம், கேட்டுவிட்டு நேராக விடையைப் போட்டுக் காட்டட்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. சிதம்பரம் சாரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மனிதர் முகம் சுண்டிப்போனது. "பிள்ளைகளுக்கு வேற என்ன டீச்சர் இருக்கு இப்போ?" என்று மட்டும் கேட்டார்.

சபாஷ் இல்லாத பாடம் ஒளிபரப்பான மறுநாள் செல்வராணி மறுபடி கூப்பிட்டாள். மலர் பாடம் முழுக்க வாயைத் திறக்கவில்லையாம். முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். கைதட்டல் வரவில்லை. விடை வேறாக வந்தது. அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "கணக்கு பொறவு படிச்சுக்கலாம் டீச்சரே," என்றாள் செல்வராணி. "வாய் மறுபடி மூடிச்சுன்னா யாரு திறப்பா? பழையபடி போட்டிருங்க."

பழையபடி போட்டால் தப்புக் கணக்கு நெஞ்சில் ஊறிவிடும். போடாவிட்டால் பிள்ளை ஊமையாகிவிடும். ஒரே ஒரு பிள்ளைக்காக அலைவரிசைப் பாடத்தை மாற்றுவதா என்று யூனிட்டில் சிலர் கேட்டார்கள். லதிகா மேடம் அவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நமக்குத் தெரிஞ்சது ஒரு பிள்ளை. தெரியாத்தது எத்தற?" என்றார். உண்மைதான். போன் பண்ண ஒரு செல்வராணி இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் எங்கே உட்கார்ந்து கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார்களோ!

நாங்கள் மூவரும், அதாவது லதிகா மேடம், சிதம்பரம் சார், நான், மேசையைச் சுற்றி முகக்கவசத்தோடு உட்கார்ந்தோம். பாராட்டு வேண்டும், பொய் கூடாது, இதுதான் கணக்கு. என்னென்னவோ எழுதினேன். 'நன்றாக முயன்றாய்' என்று எழுதினேன். முயன்றாளா இல்லையா என்று டிவிக்கு எப்படித் தெரியும் என்று லதிகா மேடம் அடித்தார். 'விடை தப்பாக இருந்தாலும் பரவாயில்லை' என்று எழுதினேன். அது மலர் காதில் தப்பு என்று மட்டும்தான் விழும் என்று சிதம்பரம் சாரே அடித்தார். அவர்தான் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் கணக்குப் போட்டு என் விடையைச் சொல்லுதேன். அவ விடை அவகிட்ட இருக்கட்டும். ரெண்டுல எது சரின்னு அவளே எண்ணிப் பாத்து முடிவு பண்ணட்டும். எனக்கே தப்பா வந்திருக்கலாம்லா?"

லதிகா மேடம் "ம்" என்றார். சிதம்பரம் சாருக்கு அதன் மதிப்பு தெரியாது. நான் மேசைக்கடியில் கைகளைக் கோத்துக்கொண்டேன்.

அடுத்த சண்டை எடிட்டரோடு. எண்ணிப் பார்க்கப் பிள்ளைக்கு அவகாசம் வேண்டும், அதுவரை சிதம்பரம் சார் சும்மா காத்திருக்கட்டும் என்றார் லதிகா மேடம். டிவியில் யாரும் பேசாமல் இருந்தால் சிக்னல் போய்விட்டது என்று மாற்றிவிடுவார்கள் என்றார் எடிட்டர். இவர் நீட்டு என்றார், அவர் வெட்டு என்றார். கடைசியில் மெல்லிய வீணை ஒலியோடு ஒரு நடுத்தர மௌனத்தில் சமாதானம் ஆனது.

ஒளிபரப்புக்கு முன்னால் இதை மலரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று லதிகா மேடம் நின்றார். அப்போது கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. அனுமதி வாங்கி, பாடத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு லதிகா மேடமும் நானும் கிளம்பினோம். விதுரை தாண்டிக் காட்டுப் பாதையில் ஜீப் ஏறியது. மேலே போகப் போக மஞ்சும் தூறலும். செல்வராணி பள்ளி முன்னால் குடையோடு நின்றாள். லயத்தில் மலரின் வீடு ஓரமாக இருந்தது. முன்னறை ஒன்று, அடுக்களை ஒன்று. டிவிக்குப் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தார்கள்.

மலர் ஒல்லியாக, இரட்டைச் சடையோடு அம்மாவின் பின்னால் நின்றாள். லதிகா மேடம் டிவிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். அந்த முகத்தைத்தான் இத்தனை நாள் காலி நாற்காலியில் தேடியிருக்கிறார். பாடத்தைப் போட்டோம். சிதம்பரம் சார் சிரித்தபடி வந்தார், முதல் கேள்வி கேட்டார், காதருகே கையை வைத்தார். மலர் லதிகா மேடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள். பதில் வரவில்லை.

லதிகா மேடம் எழுந்தார். "வா, வெளியில போலாம்," என்றார்.

"முகத்தைப் பார்க்க முடியாதே மேடம்?"

"காது உண்டல்லோ."

அம்மாவை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் மூன்று பெண்களும் ஓட்டுச் சாய்ப்பின் அடியில் சுவரோடு ஒட்டி நின்றோம். தூறல் முழங்கால்வரை நனைத்தது. உள்ளே பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிதம்பரம் சாரின் குரல் கேட்டது. "ஐம்பத்திரண்டுல இருபத்தேழு போனா எவ்வளவு?"

கொஞ்சம் பொறுத்து, "முப்பத்தஞ்சு!" என்று கணீரென்று ஒரு குரல். இந்தக் குரல் அந்த ஒல்லி உடம்பிலிருந்தா வந்தது என்று நான் அசந்துபோனேன். செல்வராணி கண்ணைத் துடைத்தாள்.

"எனக்கு இருபத்தஞ்சு வந்திருக்கு," என்றார் டிவியில் சிதம்பரம் சார். "உனக்கும் அதேதானா? வேற வந்திருந்தா, யாருக்குச் சரின்னு எண்ணிப் பாத்திருவோமா? புளியங்கொட்டையோ தீக்குச்சியோ எடுத்துக்கோ. நான் காத்திருக்கேன்."

வீணை ஒலித்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். லதிகா மேடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், உங்களுக்குத் தப்பா வந்திருக்கு," என்றது அந்தக் குரல்.

அந்தத் தமிழ் முழுதும் பிடிபட்டிருக்காது என்று நான் அதை லதிகா மேடத்தின் காதில் மலையாளத்தில் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. உள்ளே டப்பா ஒன்று திறக்கும் ஓசை, தரையில் புளியங்கொட்டை கொட்டும் ஓசை. "இருங்க, காட்டுதேன்," என்றாள் மலர். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். சாருக்குப் பாடம் சொல்லித் தரும் தோரணை அப்படியே குரலில் இருந்தது. ஐம்பத்திரண்டு வந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளத் தொடங்கினாள். அவள் பாதி தள்ளுவதற்குள் வீணை நின்றுவிட்டது. "சரி, அடுத்த கணக்குக்குப் போவோம்," என்றார் சிதம்பரம் சார்.

"சார், நில்லுங்க! நான் இன்னும் எண்ணி முடிக்கல!"

சிதம்பரம் சார் நிற்கவில்லை. அறுபத்தொன்றில் முப்பத்தெட்டு என்று போய்க்கொண்டே இருந்தார். அவளுடைய அம்மா ரிமோட்டைத் தேடி எப்படியோ நிறுத்தினாள். புளியங்கொட்டைகள் மறுபடி நகர்ந்தன. தள்ளி முடித்தாள், மீதியை எண்ணினாள். நின்றாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இந்தத் தடவை குரல் மெதுவாக இருந்தது. கடைசி எண் எங்களுக்குக் கேட்கவில்லை. செல்வராணியின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது.

"அம்மா, சாருக்குத்தான் சரி," என்றாள் மலர். அழுகை இல்லை, கோபமும் இல்லை. சந்தையில் விலை விசாரித்துவிட்டு வந்து சொல்வது போலச் சொன்னாள். "எனக்குத்தான் தப்பு. ஆனா அவரு காத்திருக்கேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

நான் இதையும் மலையாளத்தில் சொல்லி முடிக்கும் முன்பே லதிகா மேடம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஈரப் புடவையோடு மலருக்கு எதிரே உட்கார்ந்தார். மலர் புளியங்கொட்டைகளின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். உதடுகள் மறுபடி உள்ளே மடியப் போகின்றன என்று நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"நீ பறஞ்சது சரி. சார் காத்திருக்கணும்," என்றார் லதிகா மேடம்.

மலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அவருக்கு யாரு?"

"நான் அவர்ட ஆபீசர்."

"அப்போ அவர்கிட்ட சொல்லுங்க," என்றாள் மலர். "நான் எண்ணி முடிக்கித வரைக்கும் போகக் கூடாது."

லதிகா மேடம் தலையாட்டினார். செல்வராணி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நாங்கள் மலையிறங்கி வந்து, எடிட்டரை உட்கார வைத்து, அந்த மௌனத்தை இரண்டு பங்காக நீட்டினோம்.